பக்கவாதத்தைத் தடுக்க: முதலில் இரத்தத்தின் எண்கள், பிறகு சமையலறைத் தாவரங்கள்

மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தாராவியிலோ ஒரு வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், அந்த வாரத்துக்குள்ளாகவே சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் வெறும் வயிற்றில் பூண்டு விழுங்குவதும், பீட்ரூட் சாறு பிழிவதும், யாரோ கைப்பேசியில் அனுப்பிய கஷாயத்தைக் காய்ச்சுவதும் தொடங்கிவிடுகின்றன. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அந்தப் பொருள்களில் பலவற்றுக்கு இரத்தத்தின் மீதும் இரத்தக்குழாய்களின் மீதும் மெய்யான வேலை உண்டு என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் உடலில் வேலை செய்யும் பொருள் எதுவாயினும் அதற்கு ஓர் அளவு உண்டு, ஒவ்வாத உடல் உண்டு, ஒவ்வாத மாத்திரையும் உண்டு. எனவே, எந்தத் தாவரம் நல்லது என்று கேட்பதற்கு முன் நம் உடலில் எந்த எண் சரியில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் செல்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு எதையும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இங்கே சொல்லப்படும் உணவு மாற்றங்கள் மருத்துவத்தின் பக்கத்தில் நிற்பவை, அதன் இடத்தில் நிற்பவை அல்ல.

முதல் படி: நோய் எந்த வழியாக வருகிறது என்று அறிதல்

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம் வரும், வெடித்தாலும் வரும். அடைப்பினால் வருவதே அதிகம். கழுத்துக் குழாயின் சுவரில், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொழுப்பு பல ஆண்டுகளாகப் படிந்து, அந்தப் படிவு ஒரு நாள் கிழிந்து, அதன் மேல் இரத்தம் உறைவது ஒரு வழி. நெடுங்கால உயர் இரத்த அழுத்தத்தாலும் சர்க்கரையாலும் மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்கள் தடித்து மூடிக்கொள்வது இன்னொரு வழி. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது அதன் மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்துக்கொள்வது மூன்றாவது வழி. வெடிப்பினால் வரும் பக்கவாதத்துக்கோ கட்டுப்படுத்தப்படாத இரத்த அழுத்தமே தலையாய காரணம்.

இந்த வேறுபாட்டை அறியாமல்தான், இரத்தத்தை இளக்கும் என்று சொல்லப்படும் பொருள்களை எல்லோருக்கும் பரிந்துரைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அழுத்தம் 180-இல் நிற்கும் ஒருவருக்கு உறைதலைத் தடுக்கும் பொருளை மேலும் மேலும் கொடுப்பது, வெடிக்கக்கூடிய குழாயில் கசிவை அடைக்கும் திறனையும் எடுத்துவிடுவதாகும்.

இரண்டாம் படி: அளக்க வேண்டியவற்றை அளத்தல்

இரத்த அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். பக்கவாதத்தைப் பொறுத்தவரை நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் இதைவிடப் பெரியது வேறில்லை. வீட்டில் அளப்பதானால் மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டும் கருவியே நம்பத் தகுந்தது. காப்பி குடித்தோ மாடிப்படி ஏறியோ வந்தால் அரை மணி நேரம் கழியட்டும். அதன் பின் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசை மேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், 7 நாள்கள் இவ்வாறு அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியை எடுத்தால் மருத்துவருக்குக் காட்டத்தக்க எண் கிடைக்கும். வீட்டில் அளந்த சராசரி 135/85-க்கு மேலும், மருத்துவமனையில் 140/90-க்கு மேலும் இருந்தால் அது உயர் அழுத்தம். கருவி வாங்க இயலாதவர்கள் மாநகராட்சி மருந்தகங்களிலும் ஆப்லா தவாகானா எனப்படும் சிறு மருத்துவ நிலையங்களிலும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் நாடியையும் தொட்டுப் பாருங்கள். துடிப்பு சீராக இல்லாமல் தாறுமாறாக வந்தால், குறிப்பாக 60 வயதைக் கடந்தவர்களுக்கு, ஓர் இசிஜி எடுத்துவிட வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. எந்தக் கீரையும் எந்தப் பூண்டும் இதற்கு மருந்தாகாது.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. ஆய்வகத்தில் இரத்தக் கொழுப்புகளைக் காட்டும் லிப்பிட் புரொஃபைல், சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றைக் கேளுங்கள். மரக்கறி மட்டுமே உண்பவர்களும் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். லிப்பிட் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துக் கவலைப்படுவதும் மகிழ்வதும் பயனற்றவை. பார்க்க வேண்டியது எல்டிஎல். நோய் எதுவுமில்லாதவர்களுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நல்லது. கொழுப்புப் படிவினால் ஏற்கெனவே ஒரு முறை அடைப்புப் பக்கவாதம் வந்தவர்களுக்கு 70-க்குக் கீழ் கொண்டுவருவதே இன்றைய இலக்கு. ஆய்வக அறிக்கையில் 'இயல்பு' என்று அச்சிடப்பட்டிருக்கும் எல்லை நோய் வராதவருக்கானது. பக்கவாதம் வந்த அப்பாவின் எல்டிஎல் 98 என்று வந்து, அதன் பக்கத்தில் சிவப்புக் குறி இல்லாததால் குடும்பம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. டிரைகிளிசரைடு 150-க்குக் கீழ் இருக்க வேண்டும். அது 400-ஐத் தாண்டினால், கணக்கிட்டுப் போடப்படும் எல்டிஎல் எண்ணை நம்ப முடியாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசல், 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பலர் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். தாவர உணவைக் கூட்டப் போகிறவர்கள் இவ்விரண்டையும் விடவே கூடாது. காரணம் அடுத்த படியில் வருகிறது.

இன்னும் இரண்டு எண்கள் உண்டு. லைப்போபுரோட்டீன் ஏ என்பது எல்டிஎல்லைப் போன்ற ஒரு கொழுப்புத் துகள். அதன் அளவு பிறப்பிலேயே அமைவது; உணவால் பெரிதாக மாறாது. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மற்ற எண்களில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். மற்றொன்று ஹோமோசிஸ்டீன். இது இரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம். 15 மைக்ரோமோலுக்கு மேல் உயர்வது பக்கவாத அபாயத்தோடு சேர்ந்து காணப்படுகிறது. இதை உடல் அப்புறப்படுத்த ஃபோலேட்டும் பி12-உம் பி6-உம் தேவை. ஃபோலேட் கீரையிலும் பருப்பிலும் உண்டு. பி12-ஐத் தாவரங்களில் எதிர்பார்க்க முடியாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் அது கிடைக்கும். இதனால்தான் தினமும் கீரை சாப்பிடும் மரக்கறிக் குடும்பங்களிலும் ஹோமோசிஸ்டீன் உயர்ந்து காணப்படுவது உண்டு. சீனாவில் உயர் அழுத்தம் உள்ள 20,702 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், எனலாப்ரில் என்ற அழுத்த மாத்திரையோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் பெற்றவர்களுக்கு முதல் பக்கவாதம் ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கு பி வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் தெளிவான பயன் தெரியவில்லை. குறைபாடு உள்ளவருக்கு நிரப்புவது பயன், நிறைந்திருப்பவருக்கு மேலும் ஊற்றுவது வீண் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாம் படி: எண்ணுக்கு ஏற்ற உணவைச் சமையலறையில் சேர்த்தல்

உங்கள் சிக்கல் அழுத்தம் என்றால் முதலில் கை வைக்க வேண்டியது உப்பில். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழ் என்கிறது. ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடாம் என்ற நம் வழக்கத்தோடு மும்பையின் வடா பாவும் ஃபர்சானும் கறுப்பு உப்புப் போட்ட கோகம் சர்பத்தும் சேர்ந்தால் அந்த அளவு மதியத்துக்குள் முடிந்துவிடும். உப்பைக் குறைப்பதோடு பொட்டாசியத்தைக் கூட்டினால்தான் முழுப் பலன். பொட்டாசியம் சிறுநீரகத்தின் வழியாகச் சோடியத்தை வெளியேற்றுகிறது, குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் தேவை என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. கீரை, பருப்பு, பயறு, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இளநீர் ஆகியவை நல்ல மூலங்கள்.

இது வெறும் கணக்கன்று. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம், வழக்கமான உப்புக்குப் பதில் முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. அந்தக் கிராமத்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்கள், மற்றவர்கள் 60 வயதைக் கடந்த உயர் அழுத்தக்காரர்கள். இத்தகைய குறைசோடிய உப்பு மும்பைக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற அழுத்த, இதய மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் இந்த உப்பை வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இயல்பான பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. உங்கள் எண் மேல் விளிம்பில் இருந்தால் இளநீரைக்கூட மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

கீரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீரைகளிலும் பீட்ரூட்டிலும் முள்ளங்கியிலும் உள்ள நைட்ரேட்டை நம் நாக்கின் மேல் வாழும் நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக்குழாய்களை விரிக்கிறது. பீட்ரூட் சாற்றை நாள்தோறும் சில வாரம் குடித்தவர்களுக்கு அழுத்தம் சில புள்ளிகள் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கிருமிநாசினி வாய்க்கழுவியைத் தினமும் பயன்படுத்தினால் அந்த நுண்ணுயிரிகள் அழிந்து இந்தப் பலன் குறைகிறது என்பது பலருக்குத் தெரியாது. நைட்ரேட்டும் பொட்டாசியமும் ஃபோலேட்டும் நீரில் கரைபவை. ஆகவே கீரையை நிறைய நீரில் வேகவைத்து நீரைக் கொட்டாமல், சிறிது நீரில் மூடி வேகவைத்து அந்த நீரோடு மசிக்க வேண்டும். பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிக்கு மட்டும் இதற்கு நேரெதிர்: அவருக்குக் காய்களை நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிடுவதே பாதுகாப்பு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கையும் பீட்ரூட்டையும் அளவோடு வைத்துக்கொள்ளட்டும், அவற்றில் ஆக்சலேட் மிகுதி.

மாட்டுங்கா சந்தையில் முருங்கைக்கீரை கிடைத்துவிடும். மற்ற இடங்களில் காய்கறிக்காரரிடம் மேத்தி என்றால் வெந்தயக்கீரை, லால் மாட் என்றால் சிவப்புத் தண்டுக்கீரை, ஷேபு என்றால் சதகுப்பைக் கீரை கிடைக்கும். மும்பைக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பழகிய கீரை இல்லை என்று பாலக்கோடு நின்றுவிடுகிறார்கள். லால் மாட்டை நம் ஊர்ப் பொரியல் முறையில் தேங்காயைக் குறைத்துச் செய்தால் ஒன்றும் குறைவில்லை.

உங்கள் சிக்கல் எல்டிஎல் என்றால் வழி வேறு. கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலம் செய்கிறது; அது குடலில் கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டுப் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஓட்ஸ், பார்லி, பருப்பு, வெந்தயம் ஆகியவற்றின் கரையும் நார்ப்பொருள் குழகுழப்பான கூழாகி அந்தப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. புதிதாகப் பித்த அமிலம் செய்ய, கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸில் இருக்கும் 3 கிராம் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ப்பொருளோ, தினமும் ஒரு கிண்ணம் வெந்த பருப்போ பயறோ, எல்டிஎல்லை ஏறத்தாழ 5 விழுக்காடு குறைக்கும். தாவர ஸ்டீரால்கள் குடலில் கொலஸ்ட்ராலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உறிஞ்சலைத் தடுக்கின்றன. நாளொன்றுக்கு 2 கிராம் கிடைத்தால் 8 முதல் 10 விழுக்காடு குறையும். ஆனால் எள், வேர்க்கடலை, எண்ணெய் எல்லாம் சேர்ந்தும் வழக்கமான உணவில் சில நூறு மில்லிகிராம்தான் தேறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெயில், நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் பதில் தேங்காயெண்ணெயைப் பயன்படுத்தினால் எல்டிஎல் உயரும். கேரள எல்லையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது கசப்பான செய்தி என்றாலும் ஆய்வுகள் ஒருமித்தே சொல்கின்றன.

இந்தச் சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். எல்டிஎல் 110 உள்ளவர் உணவால் 95-க்கு வரலாம். 170 உள்ளவர், அதிலும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர், உணவால் மட்டும் 70-க்கு வர முடியாது. ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும், உணவு அதற்குத் துணை நிற்கும்.

ஆளிவிதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மராத்திய வீடுகளில் ஜவஸ் சட்னிப் பொடியாக அது எப்போதும் இருக்கிறது, நம் வீடுகளில் பெரும்பாலும் இல்லை. கனடாவில் கால் குழாய் அடைப்பு நோயாளிகள் 110 பேரிடம் தினமும் 30 கிராம் அரைத்த ஆளிவிதையை 6 மாதம் கொடுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மேல் அழுத்தம் ஏறக்குறைய 10 புள்ளிகள் குறைந்திருந்தது. ஓர் உணவுப் பொருளுக்கு இது பெரிய பலன். சிறிய ஆய்வு என்பதால் எல்லோருக்கும் இதே அளவு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விதையை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். லேசாக வறுத்துப் பொடித்து, உப்பைக் குறைத்து, இட்லிப்பொடியோடு கலந்துகொள்ளலாம். நீர் நிறையக் குடிக்க வேண்டும்.

வெங்காயத்தின் குவர்சிட்டின், தேநீரின் கேட்டிகின், நாவற்பழத்தின் ஆந்தோசயனின் முதலிய, ஃபிளேவனாய்டு எனப்படும் தாவரப் பொருள்களை நிறைய உண்பவர்களிடம் பக்கவாதம் குறைவாகக் காணப்படுகிறது. அவர்கள் பொதுவாகவே ஒழுங்காக உண்பவர்கள் என்பதும் காரணமாக இருக்கலாம் என்பதால், உணவாக உண்ணுங்கள், மாத்திரையாக வாங்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மஞ்சளும் அப்படியே: குழம்பில் போடும் அளவில் தீங்கில்லை. அதன் குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது என்று மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கும் செறிவான மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

புகையிலையும் தாவரம்தான். உப்பையும் எண்ணெயையும் அளந்துவிட்டு, பல்துலக்க மிஷ்ரி என்ற வறுத்த புகையிலைப் பொடியும் மதியம் சுண்ணாம்பில் கசக்கிய புகையிலையும் தொடருமானால் இந்தப் படியில் செய்தது எதுவும் நிற்காது.

நான்காம் படி: மாத்திரையோடு மோதும் தாவரங்களை விலக்குதல்

தாவரங்கள் இரத்தத்தின் மீது எவ்வளவு வலிமையோடு வேலை செய்யும் என்பதற்கு மருந்தியல் வரலாறே சான்று. 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்குழு அந்த வைக்கோலிலிருந்து டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954 முதல் மனிதர்களுக்கான மருந்தாகவும் வந்தது. இன்றும் இதய வால்வு மாற்றியவர்களும் துடிப்புக் கோளாறு உள்ள பலரும் வார்ஃபரினையோ அசினோகூமராலையோ சாப்பிடுகிறார்கள். இவை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து உறைதலைத் தாமதப்படுத்துகின்றன; கீரையோ வைட்டமின் கே நிறைந்தது. ஆகவே ஒரு வாரம் கீரையே தொடாமலும் மறு வாரம் தினமும் முருங்கைக்கீரையும் உண்டால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் எண் மேலும் கீழும் தாவும். பலருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை அறவே விலக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு என்பதை மாற்றாமல் உண்டால், மருத்துவர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துவிடுவார். விரதமாதங்களிலும் ஊருக்குப் போய் உணவு மாறும் வாரங்களிலும் ஐஎன்ஆரைக் கூடுதலாக ஒரு முறை பார்ப்பது நல்லது.

பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள நொதி அல்லிசினை உண்டாக்குகிறது. நசுக்கி 10 நிமிடம் வைத்த பின் சமைத்தால் ஓரளவு மிஞ்சும், உடனே வதக்கினால் நொதி அழிந்துவிடும். குழம்பிலும் ரசத்திலும் போடும் பூண்டால் எவருக்கும் சிக்கல் இல்லை. பூண்டு காப்ஸ்யூலோ, ஒரு கைப்பிடிப் பச்சைப் பூண்டோ, உறைதலைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இரத்தக் கசிவைக் கூட்டலாம். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்கலோ இருந்தால் ஒரு வாரம் முன்பே அந்தப் பூண்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் மரப்பட்டையிலிருந்து வந்ததே என்று சொல்லி, வில்லோ பட்டைப் பொடியை அதற்கு மாற்றாக விற்பவர்கள் உண்டு. 1897-இல் பேயர் ஆய்வகத்தில், பட்டைச் சத்தின் வழிவந்த சேலிசிலிக் அமிலத்தோடு சேர்க்கப்பட்ட அசிட்டைல் என்ற சிறு பகுதிதான், உறைதலுக்கு உதவும் இரத்தத் தட்டுகளை அவற்றின் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை செயலிழக்கச் செய்கிறது. பட்டையில் அது இல்லை. பட்டையை நம்பி ஆஸ்பிரினை விட்டவருக்குக் காப்பு இல்லை.

பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி மும்பைச் சந்தைகளில் குவியும் பப்னஸ், நம் பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட்டின் மூதாதை. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரானோகூமரின்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை இரத்தத்தில் பல மடங்கு ஏறி, தசை சிதையும் அபாயம் வருகிறது. அட்டோர்வாஸ்டாட்டினும் ஓரளவு ஏறும். பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பண்டிகைக்கு இரண்டு சுளை சாப்பிடுவதில் அஞ்ச ஒன்றுமில்லை என்றாலும், தினமும் ஒரு பழம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அதிமதுரத்தை நான் எல்லாவற்றினும் அதிகம் அஞ்சுகிறேன், ஏனெனில் அது இருமலுக்கு எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதிலுள்ள கிளிசிரைசின், கார்ட்டிசால் ஹார்மோனைச் சிறுநீரகத்தில் அடக்கிவைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடல் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை இழந்து, அழுத்தம் ஏறுகிறது. ஓரிரு நாள் தொண்டைக்கு மென்றால் கவலையில்லை. வாரக்கணக்கில் கஷாயமாகக் குடிப்பவருக்கு மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காமல் நிற்கும், யாருக்கும் காரணம் புரியாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெந்தயப் பொடியையும் பாகற்காய்ச் சாற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் சர்க்கரை சட்டென்று கீழே இறங்கக்கூடும். ஒன்றை மட்டும் சிறிதளவில் தொடங்கி, வீட்டுக் கருவியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாட்டு மருந்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். சர்ப்பகந்தா வேர் உயர் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை 1949-இல் உலக மருத்துவர்களுக்கு எடுத்துக்காட்டியவர் இதே பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆய்வகம் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தது. பல ஆண்டுகள் அது உலகமெங்கும் அழுத்த மருந்தாக இருந்தது. மனச்சோர்வும் நாடித் தளர்ச்சியும் போன்ற பக்கவிளைவுகளால் பின்னர் பாதுகாப்பான மருந்துகளுக்கு வழிவிட்டது. இவ்வளவு வலிமையான வேரை, ஒவ்வொரு பொட்டலத்திலும் எவ்வளவு சத்து என்று தெரியாத பொடியாக வாங்கி, அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது அறிவுடைமை ஆகாது.

ஐந்தாம் படி: மீண்டும் அளத்தல்

ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்களைத் தொடங்காதீர்கள். உப்பும் கீரையும் முதலில், இரண்டு வாரம் கழித்துப் பருப்பும் ஓட்ஸும், அதன் பிறகு ஆளிவிதை என்று வைத்துக்கொண்டால் எது ஒத்துக்கொள்கிறது என்பது தெரியும். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் எல்டிஎல், எச்பிஏ1சி, கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றைப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இறங்கவில்லையென்றால் உணவின் மீது பழி போட்டுக் கைவிடாமல், மாத்திரையைக் கூட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வந்துவிட்டால் செய்ய வேண்டியது

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கையோ காலோ தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், பார்வையோ நிலையோ தவறினாலும், வலி இல்லையே என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாயின் கட்டியைக் குழாய்வழியே எடுக்கும் சிகிச்சை தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை இயலும். மாலையில் கிழக்கு விரைவு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால், இரவும் பகலும் சிடி ஸ்கேனும் இந்த ஊசியும் உள்ள மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்பதை இன்றே விசாரித்துவையுங்கள்.

நோயாளிக்கு நீரோ கஷாயமோ ஆஸ்பிரினோ வாயில் கொடுக்க வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் செல்லும். குழாய் வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கசிவைக் கூட்டும். எது நேர்ந்தது என்பதைச் சிடி ஸ்கேன் இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது. விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லும் செய்தியை நம்பி நேரத்தை இழக்காதீர்கள். அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்து அவர் கேட்பது, உறைதலைத் தடுக்கும் எதையாவது நோயாளி சாப்பிடுகிறாரா, கடைசி வேளை எப்போது, ஐஎன்ஆர் எவ்வளவு என்பது. ஊசி போடலாமா கூடாதா என்பது இந்த விடையைப் பொறுத்தது. ஆகவே மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, கடைசியாகப் பார்த்த எண்கள், அவற்றோடு சாப்பிட்டுவரும் காப்ஸ்யூல், பொடி, கஷாயம் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, ஒரு படியை நோயாளியின் பணப்பையிலும் இன்னொன்றின் படத்தை வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் வைத்திருங்கள். மருத்துவர் கோபிப்பார் என்று அஞ்சி நாட்டு மருந்தை அந்தத் தாளில் எழுதாமல் விட வேண்டாம்.